எண்ணுகிறவர்கள் பெருகினால் போதுமா?

போன இதழில் குடிமக்கள் அறிவியல் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பறவை எண்ணுவது, மழை அளப்பது, கிணற்று நீர்மட்டம் குறிப்பது என்று நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் சேர்க்கும் தகவலை வைத்து நடக்கும் ஆய்வுக்குத்தான் அந்தப் பெயர். ஊர் அளவில் நடப்பதை மாவட்டம், மாநிலம் என்று விரித்தால் வெள்ளம், வறட்சி, மாசு என்று எத்தனையோ விஷயத்தில் கைகொடுக்கும் என்றும் எழுதியிருந்தேன். ஆதரித்தும் சந்தேகப்பட்டும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன, அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மூன்று வருடமாகப் பொங்கல் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளோடு பறவை எண்ணி, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுகிறோம். காகம் 14, மைனா 9, கொக்கு 3. இதை யார் பார்க்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.
— ஆசிரியை, தாராபுரம்

நல்ல பிள்ளைகள், சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காகத்திலிருந்தே தொடங்குகிறேன். அபூர்வமான பறவை தென்பட்டால்தான் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்வாளர்களுக்கு அதிகம் உதவுவது உங்கள் பிள்ளைகள் போட்ட மாதிரியான முழுப் பட்டியல்தான். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் காகத்தைக்கூட விடாமல் எழுதினால், பட்டியலில் இல்லாத பறவை அந்த நேரத்தில் அங்கே தென்படவில்லை என்பதும் சேர்ந்தே பதிவாகிவிடுகிறது. ஒரு மாவட்டத்தில் பத்து வருடம் முன்பு நூறு பட்டியலில் முப்பதில் இருந்த பறவை இன்று நூறில் பத்தில்தான் இருக்கிறது என்றால், அது குறைந்துவருகிறது என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் புள்ளியியல் வேலை நிறைய உண்டு, ஆனால் அடிப்படை இவ்வளவுதான்.

ஈபேர்டை 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து தொடங்கின. நம் நாட்டில் அதில் சேர்ந்த தகவலைக் கொண்டு 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 2020இல் வந்தது, 867 இனங்களைப் பற்றி. 2023இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களைப் பார்த்தது. அதற்கு அடிப்படை சுமார் 30,000 பேர் கொடுத்த 3 கோடி பதிவுகள். இவ்வளவு பேருக்குச் சம்பளம் கொடுத்து எந்த அரசும் எந்தப் பல்கலைக்கழகமும் எண்ணச் சொல்லியிருக்க முடியாது.

அதில் என்ன தெரிந்தது? செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிகிறது என்று நாமெல்லாம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, குறைந்திருப்பது பெருநகரங்களில்தான், டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று 2020 அறிக்கை சொன்னது. நாம் கவலையே படாத பனங்காடை, அதுதான் மின்கம்பியில் உட்கார்ந்திருந்து பறக்கும்போது நீலமாக விரியுமே, அது கணிசமாகக் குறைந்திருக்கிறது, அதன் நிலையை உலக அளவில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று 2023 அறிக்கை பரிந்துரைத்தது. தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் பனங்காடை இருக்கும். உங்கள் பிள்ளைகள் அதை எழுதியிருந்தாலும் சரி, எழுதாமல் விட்டிருந்தாலும் சரி, இரண்டும் அந்தக் கணக்கில் சேரும்.

பொங்கல் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் அதே நாட்களில் எண்ணுவதால் வருடத்துக்கு வருடம் ஒப்பிட முடிகிறது. ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த பொங்கலுக்கு முன் ஒரு பாடவேளை ஒதுக்கி, உங்கள் மாவட்டத்தின் பக்கத்தை ஈபேர்டில் திறந்து, அதில் இவர்கள் போட்ட பட்டியலைக் காட்டுங்கள். யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

படிப்பு இல்லாதவர்கள், பயிற்சி இல்லாதவர்கள் கொடுக்கும் தகவலை எப்படி நம்புவது? இதெல்லாம் பொழுதுபோக்கு, அறிவியல் இல்லை என்பது என் கருத்து.
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ராதாகோபிந்த சந்திரா என்று ஒருவர் இருந்தார், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸூரில். கருவூலத்தில் வேலை, வானியலில் பட்டம் எதுவும் இல்லை. இரவில் ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைப் பார்த்துக் குறித்து அமெரிக்காவில் இருந்த மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு 1919இலிருந்து அனுப்பத் தொடங்கினார். 1954 வரை 37,000க்கும் மேற்பட்ட பதிவுகள். அந்தச் சங்கம் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது, அது பின்னால் வானியலாளர் வைணு பாப்புவிடம் வந்து, நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம் வரை வந்து சேர்ந்தது. அவருடைய பதிவுகளை யாரும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவில்லை. வங்கியில் இருந்தவர் நீங்கள், தினமும் தவறாமல் ஒரே முறையில் பேரேடு எழுதுவதன் மதிப்பு உங்களுக்குத் தெரியாததா!

ஆனால் உங்கள் சந்தேகத்தை நான் தள்ளவில்லை. தவறு நடக்கிறது, நிறையவே நடக்கிறது. சின்னச் சின்னத் தவறுகளைப் பிடிக்க வழி உண்டு: அந்த மாவட்டத்தில் அந்த மாதத்தில் வராத பறவையைப் பதிவிட்டால் ஈபேர்ட் உடனே தனியாக எடுத்து வைக்கும், உள்ளூரில் விஷயம் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் படம் இருக்கிறதா, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார், திருப்தி இல்லை என்றால் கணக்கில் சேராது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. எண்ணுகிறவர்கள் ஊருக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி போகும் சாலையோரத்தில், ஏற்கெனவே பறவைக்குப் பேர்போன ஏரிக்கரையில்தான் எண்ணுகிறார்கள். மானாவாரிக் காட்டுக்கும் முள்காட்டுக்கும் யார் போகிறார்கள்? ஒவ்வொரு பதிவும் சரியாக இருந்து, எல்லாம் சேர்ந்து தப்பான படத்தைக் காட்டிவிடலாம். ஆயிரம் பேர் பத்தாயிரம் பேர் ஆனாலும், பத்தாயிரம் பேரும் அதே ஏரிக்கரையில் நின்றால் இந்தக் குறை தீராது. இதைக் கேரளத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று கீழே இன்னொரு பதிலில் சொல்கிறேன்.

எந்த ஆப் நல்லது?
— கல்லூரி மாணவர், சிவகாசி

பறவைக்கு ஈபேர்ட். செடி, பூச்சி, பாம்பு, காளான் எதுவானாலும் படம் எடுத்துப் போட ஐநேச்சுரலிஸ்ட். ஒரே மரத்தை வாரா வாரம் பார்த்துத் துளிர், பூ, காய் எழுதப் பிடிக்கும் என்றால் சீசன்வாட்ச். மெர்லின் பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், கற்றுக்கொள்ள நல்லது, ஆனால் அது சொன்னதற்காக மட்டும் பட்டியலில் எழுதாதீர்கள், நீங்களும் பார்க்க வேண்டும் அல்லது கேட்டு உறுதி செய்ய வேண்டும். கூடு இருக்கும் இடத்தையும் அரிய விலங்கின் இடத்தையும் வாட்ஸப்பில் பரப்பாதீர்கள், திருடுகிறவர்களும் அந்தக் குழுவில் இருப்பார்கள்.

மழை வலுத்தாலே மண் சரியுமோ என்று பயந்து கிடக்கிறோம். அரசு மழைமானி இருக்கும்போது நாங்களும் வீட்டுக்கு வீடு அளப்பதால் என்ன லாபம்?
— தேயிலை விவசாயி, கோத்தகிரி

2019 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே நாளில் கோத்தகிரியில் பெய்தது அதில் சிறு பங்குதான். ஒரு முகடு தாண்டினால் மழை வேறு என்பது மலையில் இருக்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருக்கும் சில மழைமானிகளுக்கு நடுவில் எந்தச் சரிவில் எவ்வளவு இறங்கியது என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சரிவில் யாராவது ஒருவர் அளக்க வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோவில் போர்ட் காலின்ஸ் என்ற ஊரில் 1997 ஜூலை 28 அன்று இப்படித்தான் நடந்தது. ஊரின் ஒரு பக்கம் பேய்மழை, இன்னொரு பக்கம் சாதாரண மழை, வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். நடந்தது என்ன என்றே அளவு நிலையங்களிலிருந்து சரியாகத் தெரியவில்லை. மறுவருடம் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் காலநிலையாளர் நோலன் டோஸ்கென் அக்கம்பக்கத்தாருக்கு ஒரே மாதிரியான சிறிய மழைமானிகளைக் கொடுத்து அளக்கச் சொன்னார். இன்று அந்த வலையமைப்பில் 20,000க்கும் அதிகமானவர்கள், அமெரிக்க வானிலைத் துறையே அவர்களுடைய அளவைப் பயன்படுத்துகிறது. அங்கே மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுகிறவரைத்தான் அதிகம் பாராட்டுவார்கள். பேய்மழை அன்று எல்லோரும் அளப்பார்கள், வெயில் நாளில் போய்ப் பார்த்து 0 என்று எழுதுகிறவர்தான் பத்து வருடக் கணக்கை உருவாக்குகிறவர்.

உங்களுக்குப் பக்கத்து உதாரணமும் இருக்கிறது, அதை எழுத மனம் கனக்கிறது. வயநாட்டில் கல்பற்றாவில் இருக்கும் ஹியூம் சூழலியல் மையம், தோட்டங்களிலும் வீடுகளிலும் உள்ளூர்க்காரர்களைக் கொண்டு 200க்கும் மேற்பட்ட இடங்களில் தினமும் மழை அளக்கிறது. எந்தச் சரிவில் எவ்வளவு சேர்ந்தால் ஆபத்து என்று கணிக்கிறார்கள். 2020இல் முண்டக்கை பகுதிக்கு எச்சரிக்கை கொடுத்து, ஆட்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தி, அப்போது ஏற்பட்ட சரிவில் உயிர்கள் தப்பின. 2024 ஜூலை 29 காலையிலும் அதே மலையைப் பற்றி மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்ததாக அந்த மையம் சொன்னது. 30ஆம் தேதி அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. 200க்கும் அதிகமான உயிர்கள்.

ஒரே மலை, ஒரே மழைமானிகள், ஒரே ஆட்கள். ஒரு முறை ஊர் நகர்ந்தது, ஒரு முறை நகரவில்லை. யார் மேல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே உட்காரவில்லை. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, எத்தனை பேர் அளக்கிறார்கள் என்பதைவிட, இந்த எண்ணைக் கண்டதும் இன்னார் இன்னது செய்தாக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் எந்தத் திட்டத்திலும் முதலில் கேட்கிறேன்.

கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றோர ஊர்களில் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே மலையில் இருக்கும் வீடுகளிலும் பள்ளிகளிலும் மழையையும் ஆற்று மட்டத்தையும் குறித்து வாட்ஸப்பில் போடுகிறார்கள், கீழே இருக்கிறவர்கள் அதைப் பார்த்துச் சாமான்களை மாடிக்கு ஏற்றுகிறார்கள். அந்தத் தகவலுக்காகக் காத்திருக்கிற ஆள் ஒருவர் கீழே இருக்கிறார் என்பது மேலே அளக்கிறவருக்குத் தெரியும். இப்படி இருந்தால் கொட்டும் மழையிலும் அளக்கப் போவார்கள்.

சரி, நீங்கள் தொடங்க என்ன வேண்டும்? பக்கம் நேராக இருக்கும் மழைமானி ஒன்று, சுற்றிலும் மரமோ சுவரோ நெருக்காத திறந்த இடம், ஒரு நோட்டு. தினமும் காலை 8.30க்குப் பாருங்கள், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது, அப்போதுதான் ஒப்பிட முடியும். பத்து வீடு சேருங்கள், ஆனால் அளக்கத் தொடங்கும் முன்பே உங்கள் கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் போய்ப் பார்த்து, இந்த எண் எந்த அளவைத் தாண்டினால் யாருக்குப் போன் செய்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறும் போர்வெல்லும் வற்றிக்கொண்டே போகின்றன. விவசாயிகளே அளந்தால் ஏதாவது மாறுமா? அதிகாரிகள் அளந்தே ஒன்றும் மாறவில்லை.
— விவசாயி, பல்லடம்

மாறியிருக்கிறது, ஆந்திரத்தில். வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில் 638 ஊர்களில், 2003இலிருந்து ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோடு ஒரு திட்டம் நடந்தது. விவசாயிகள் தினமும் மழையை அளந்தார்கள், 15 நாளுக்கு ஒரு முறை குறிப்பிட்ட கிணறுகளில் மட்டம் பார்த்தார்கள், ஊர் நடுவில் பலகையில் எழுதினார்கள். ராபி என்கிற குளிர்காலச் சாகுபடிக்கு முன் எல்லோரும் உட்கார்ந்து, நிலத்தடியில் இவ்வளவு இருக்கிறது, நாம் நினைத்திருக்கிற பயிருக்கு இவ்வளவு வேண்டும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். நெல் போடாதே என்று யாரும் உத்தரவு போடவில்லை, மானியம் கொடுத்து ஆசை காட்டவும் இல்லை. கணக்கு கண்ணெதிரே இருந்ததால் பல ஊர்களில் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்குத் தாங்களாகவே மாறினார்கள். அதிகாரி அளந்தால் அந்த எண் கோப்புக்குப் போகும், விதைப்புக்கு முன் உங்கள் கைக்கு வராது. வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் மீதிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். திட்டப் பணம் நின்ற பிறகு பல ஊர்களில் அளப்பதும் நின்றுபோனதாகப் பின்னால் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிணற்றில் அளவுநாடா இறக்க அதிகச் செலவு இல்லை, ஆனால் ஊர் ஊராகப் போய் எண்களைத் திரட்டி, கூட்டத்தைக் கூட்டி, பழுதானதைச் சரிசெய்து கொடுக்கிற ஆளுக்குச் சம்பளம் வேண்டுமே. அதை ஊராட்சியோ உழவர் குழுவோ தன் வரவு செலவில் சேர்த்துக்கொள்ளாமல் வெளிப்பணத்தை நம்பினால் இப்படித்தான் ஆகும். நீங்கள் தொடங்கினால் பத்து கிணற்றோடு தொடங்குங்கள், ஆனால் அந்த ஒரு ஆளின் சம்பளம் ஐந்து வருடத்துக்கு எங்கிருந்து வரும் என்று முதல் கூட்டத்திலேயே பேசுங்கள்.

ஆலைப் பக்கம் இருக்கிறோம். ராத்திரியானால் மூச்சு விட முடியாத நாற்றம். நாங்களே அளந்து கொடுத்தால் அரசு ஒப்புக்கொள்ளுமா?
— குடும்பத் தலைவி, மணலி

கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் இதே நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள் இருபது வருடம் முன்பு செய்ததைச் சொல்கிறேன். எந்த நேரத்தில், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்போது, என்ன மாதிரி வாடை வந்தது, அழுகின முட்டையா, நெயில் பாலிஷா, வேகவைத்த முட்டைக்கோஸா, வந்தபோது யாருக்குக் கண் எரிந்தது, யார் வாந்தி எடுத்தார்கள் என்று நாள் தவறாமல் எழுதினார்கள். அப்புறம் பிளாஸ்டிக் வாளிக்குள் தனி வகைப் பை வைத்துக் காற்றைப் பிடிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1990களில் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் பயன்படுத்திய வாளி அது. பிடித்த காற்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுகளை 2004இல் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். அதுவரை 'நாறுகிறது' என்ற புகார் மட்டும் இருந்தது, அதன் பிறகு எந்த வேதிப்பொருள், எவ்வளவு என்று பேச முடிந்தது. நாற்றத்தைப் பெயர் சொல்லிக் காட்டிய அந்தப் பெண்களும் ஆண்களும் செய்தது சாதாரண வேலை இல்லை.

அரசு ஒப்புக்கொள்ளுமா என்றால், ஒரே நாளில் ஒப்புக்கொள்ளாது. அமெரிக்காவில் பிளின்ட் என்ற ஊரில் 2014 ஏப்ரலில் குடிநீரை வேறு ஆற்றுக்கு மாற்றினார்கள், தண்ணீரில் ஏதோ கோளாறு என்று மக்கள் கத்தியும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே பதில் வந்துகொண்டிருந்தது. 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு அனுப்பிய சுமார் 300 பெட்டிகளை ஊர்க்காரர்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, முறைப்படி தண்ணீர் பிடித்து, 250க்கும் மேல் திரும்ப அனுப்பினார்கள். குடிநீரில் ஈயம் ஏறியிருப்பது தெரிந்தது. அந்த அக்டோபரில் பழைய தண்ணீருக்கே மாற வேண்டியதாயிற்று. பிடித்த முறை, நேரம், பெட்டி எல்லாம் ஒரே மாதிரி இருந்ததும், பின்னால் ஒரு ஆய்வகம் நின்றதும்தான் அதைத் தட்டிக்கழிக்க முடியாமல் செய்தது.

ஆகவே இன்று இரவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், காற்றுத் திசை, வாடை, உடம்புக்கு என்ன செய்தது. நான்கைந்து வீடுகள் தனித்தனியாக எழுத வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாது. கருவி வாங்குவது அப்புறம். பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையையும் ஒரு வழக்கறிஞரையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், புகாரோடு வெளியே வருகிறவர்களைத் தனியாக விடாதீர்கள், வேலைக்காக அந்த ஆலையையே நம்பியிருக்கும் குடும்பங்களும் உங்கள் தெருவில் இருக்கும்.

எங்கள் தொண்டு நிறுவனம் 8 பள்ளிகளில் குளம், கிணறு கண்காணிப்பு நடத்துகிறது. நன்றாகப் போகிறது. மாவட்டம் முழுக்க 200 பள்ளிக்கு விரிவாக்கப் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?
— ஒருங்கிணைப்பாளர், மானாமதுரை

உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், பெயர்கள் வேண்டாம். பல வருடம் முன்பு நானும் ஒரு குழுவில் இருந்து 6 பள்ளிகளில் கிணற்று மட்டம் அளக்க வைத்தேன். மாதம் ஒரு முறை போவோம், பிள்ளைகள் எழுதியதைக் கரும்பலகையில் கோடாக வரைந்து காட்டுவோம், ஏன் இந்த மாதம் ஏறியிருக்கிறது என்று அவர்களே சண்டை போடுவார்கள். அடுத்த வருடம் பணம் வந்தது, 60 பள்ளி ஆனது. எங்களால் போக முடியவில்லை. படிவங்கள் மட்டும் கட்டுக் கட்டாக வந்தன. டிசம்பரில் ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், ஒரு பள்ளியில் நான்கு மாதமாக 22 அடி, 22 அடி, 22 அடி. இன்னொன்றில் பக்கத்து ஊர்ப் படிவத்தை அப்படியே காப்பி எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் அனுப்பியதற்கு நாங்கள் ஒரு வரிகூடப் பதில் எழுதியிருக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கட்டுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது கேரளத்துக்கு வருகிறேன். 2015இலிருந்து 2020 வரை மாநிலம் முழுக்கப் பறவை வரைபடம் ஒன்றைத் தயாரித்தார்கள். மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஏறக்குறைய 4,000 இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் இரண்டு முறை, மழைக்காலத்தில் ஒன்று வறண்ட காலத்தில் ஒன்று, ஆள் போய் எண்ண வேண்டும் என்பது விதி. ஏரிக்கரையில் பறவை நிறைய இருக்கிறது என்று அங்கே போய் நிற்க முடியாது, கட்டம் ரப்பர் தோட்டத்தில் விழுந்தால் ரப்பர் தோட்டம்தான். கும்பகோணத்து நண்பரிடம் சொல்கிறேன் என்றேனே, அந்தக் குறைக்கு இதுதான் மருந்து. 1,000க்கும் அதிகமான தன்னார்வலர்கள், 3 லட்சம் பதிவுகள், 361 இனங்கள். ஒரே நேரத்தில் 14 மாவட்டத்திலும் இறங்கிவிடவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க் குழு தயாரான பிறகுதான் அங்கே தொடங்கினார்கள், ஒரு மாவட்டத்தில் கற்றது அடுத்ததற்குப் போனது. அந்தப் பொறுமைதான் எங்களிடம் இல்லாமல் போனது.

ஆகவே பணம் தருகிறவர்களிடம் போய் 200 பள்ளி வேண்டாம், இரண்டு வருடத்துக்கு 25 போதும், மீதிப் பணத்தில் ஊர் ஊராகப் போக இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டு பேரும் அதே ஒன்றியத்தில் இருக்கிறவர்களாக இருக்கட்டும், முடிந்தால் கண்மாயும் மடையும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும், அது ஒரு பக்கக் கோட்டுப்படமாக இருந்தாலும் போதும். நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரை வருடம் இரண்டு முறை பிள்ளைகள் முன்னால் உட்கார வைத்து, அவர்களுடைய எண்களைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டேன், 200 என்ற எண்தான் எனக்கு வேண்டும் என்று அவர்கள் சொன்னால், எட்டுப் பள்ளியோடு இருப்பதே நல்லது. வருடாந்திர அறிக்கையில் எத்தனை பள்ளி சேர்ந்தது என்று போடுகிற இடத்தில், போன வருடம் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் அளக்கிறார்கள் என்று போடச் சொல்லுங்கள், அதை நானும் ஆவலாகப் படிப்பேன்.

என் மகள் கல்லூரி முதலாண்டு. ராத்திரி கடற்கரையில் ஆமை தேடி நடக்கப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா? இதிலெல்லாம் அறிவியல் இருக்கிறதா?
— தாய், சென்னை திருவான்மியூர்

தனியாக வேண்டாம், குழுவோடு தாராளமாக அனுப்புங்கள். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் போங்கள். சென்னையில் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988இலிருந்து நடக்கிறது, உங்கள் மகளின் வயதைவிட அதற்கு வயது அதிகம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வாக்கில் வரை நள்ளிரவில் கடற்கரையில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, பங்குனி ஆமையின் தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பிடத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும், 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும், மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும். எந்தத் தேதியில் எந்த இடத்தில் எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது என்று இத்தனை வருடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவியல் அதில்தான் இருக்கிறது.

செத்து ஒதுங்கும் ஆமைகளையும் அவர்கள் எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது, வழக்கமாக எவ்வளவு ஒதுங்கும் என்ற பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் இது வழக்கத்துக்கு மிஞ்சியது என்று உடனே சொல்ல முடிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது, இழுவைமடிப் படகுகள் கரைக்கு எவ்வளவு அருகில் வரலாம் என்ற பேச்சு மறுபடி எழுந்தது.

மகளுக்குச் சொல்ல வேண்டியது: டார்ச்சையும் செல்போன் வெளிச்சத்தையும் அணைத்து வைக்க வேண்டும், ஆமை கரையேறும்போது வெளிச்சம் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிறவர்கள் உண்டு, ஆனால் கண்ணாடித் துண்டு கிடக்கும், பழைய கேன்வாஸ் ஷூ நல்லது. தண்ணீர் பாட்டில், ஒரு மெல்லிய ஸ்வெட்டர். மறுநாள் காலை முதல் வகுப்பு இருந்தால் சனிக்கிழமை நடைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், அதிகாலை வரை ஆகும்.